இடுப்பெலும்பில் ஒரு வெளிச்சம்

கச்சிராயபாளையம்,
21-9-87

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பாதிதான் எழுத முடியும்.

விடாத காய்ச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா, அங்கே அணுசக்தி மருந்தை என் கையில் ஊசியாக ஏற்றி, ரயில் எஞ்சின் பருமனுள்ள காமிராவுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். சீழ் பிடித்த எலும்பு அந்த மருந்தை ஜாஸ்தி இழுக்குமாம். எக்ஸ்ரேயில் தெரியாதது இதில் கார்த்திகை விளக்கு மாதிரி தெரிந்தது. டாக்டர்களெல்லாம் சுற்றி நின்று, இன்னாய்யா இது, இவ்ளோ பிரகாசம் யாருக்கும் வந்ததில்லியே என்று அசந்துபோனார்கள். ஊரில் இப்போது என் மரியாதையே வேறு. ஒருவரும் கிட்டே வருவதில்லை. உன் சித்தி அம்மை வார்த்த வீடு மாதிரி வாசல் நிலையில் வேப்பிலை கட்டிவிட்டு அடுத்த வீட்டில் படுக்கிறாள். கஞ்சியைப் படியில் வைத்து, எடுத்துக்கினு கதவ சாத்துங்க என்கிறாள். மலையிலிருந்து சாமை கொண்டுவரும் வெள்ளையன், ஒளி அடங்கினதும் வரேங்க என்று வேலிக்கு வெளியிலிருந்தே போய்விட்டான். சீட்டை நானே இரண்டு கையாகப் போட்டு ஆடுகிறேன், இரண்டு பக்கமும் நான்தான் ஜெயிக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடக்கின்றன, பஸ் இல்லை. மறியல்காரர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள், தெருமுனையில் நின்று கத்தி. வழி திறந்ததும் நான் மெட்ராஸ் போய் எலும்பைச் சுரண்டிக்கொள்ள வேண்டும், தாமதித்தால் காலே போகும் என்றார் டாக்டர். கூட ஆள் இல்லாமல் படுக்கை தர மாட்டார்கள். சித்தி வரமாட்டேன் என்கிறாள்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன் மகளே. கர்ப்பிணி, கைக்குழந்தை பக்கம் போகாதீங்க என்று நர்ஸம்மா சொன்னது அன்றைய ஒரு பொழுதுக்குத்தான். தை மாதம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று டீக்கடையில் சேர்த்துக்கொண்டது நான். மருந்து மறுநாளே அடங்கிவிட்டது. இதைச் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன், உங்க வாயை நானா நம்புவேன் என்கிறாள். இந்த நிலையில் உன்னை ரயில் ஏறச் சொல்லவில்லை. மருந்து அடங்கிவிட்டது, பயமில்லாமல் கூடப் போங்கள் என்று நீ எழுதினால் அவள் நம்புவாள், தபால்காரர் படித்துக் காட்டுவார்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசி. பிள்ளையை முதலில் என் மடியில்தான் போட வேண்டும், பயப்படாதே. மறந்துவிடாதே, உறையின் மேல் சித்தி பெயரை மட்டும் எழுது. என் பெயர் இருந்தால் அவள் தொடமாட்டாள்.

வேப்பிலைக்கு உள்ளேயிருந்து,
உன் சித்தப்பா
கண்ணாயிரம்