ஆளில்லாத பாய்கள்

ஸ்ரீபெரும்புதூர், 1991

அன்புள்ள அப்பாவுக்குப் பொன்சிங்கின் ஸ்தோத்திரம். உங்க இருமல் விட்டுச்சா? எனக்குக் காய்ச்சல் வந்து போயிட்டு, பயப்பட வேண்டாம்.

இங்க பென்னலூர் சபையில அவங்கவங்க கொண்டுவந்த பாய் கோயில்லேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் விரிச்சிருவாங்க. முதல் நாள் தெரியாம, ஆளில்லாத பாய்களைச் சுருட்டிட்டேன். பாய் விரிக்கிற அன்னபுஷ்பம் அக்கா பதறிட்டாங்க.

"சுருட்டாத தம்பி! ஷிப்ட்டுக்குப் போய்க்கீறாங்க, இல்லன்னா ஒடம்பு முடியாம படுத்துனுகீறாங்க. பாய் காலியா கெடந்தாத்தான் யாரைப் போய்ப் பாக்கணும்னு தெரியும்."

புதுசா எத்தனை பேர் வந்தாங்கன்னு இங்க யாரும் கேக்கல. சபை வளர்றதுன்னா இதுதானோ? நம்மூர்க் கோயில் கோபுரத்தை உசத்துற நீங்க என்ன சொல்லுவீங்க?

காய்ச்சல்ல லாட்ஜ்ல கிடந்தப்ப என்னைப் பாக்க யாரும் வரல. அவங்க மேல தப்பில்லை, எனக்குத்தான் சபையில பாய் கிடையாதே.

கம்பெனி பஸ் வந்துட்டு. இங்க வாற ஆள் கையில ஒரு பாய் கொடுத்துவிடுங்கப்பா.

மகன்,
பொன்சிங்