மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே வாசல்

மன்னார் மகாராணி கிளடிஸுக்கு, கனடாவைக் கட்டியாளும் கணவன் மரியோ பணிந்து எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு பண்ணைவீட்டில் சுவர் திருத்துகிறோம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வேல்ஸ்காரர் ஒருவர் கட்டிய கல்வீடு. சுவரின் அகலத்தில் யானை படுக்கலாம். நோவாவின் பேழைபோல மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கூரை, ஒரே வாசல். நேற்று மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய், பக்கம் மாறி, இப்போதும் மாடு கட்டுகிற பக்கம் திரும்பிவிட்டேன். கால் சாணிக்குள்!

கூட வேலைசெய்யும் மஸூர், "அண்ணை, மாட்டுக்கும் மரியாதையோ?" என்று சிரித்தான்.

மாடுகளின் மூச்சுச் சூட்டில்தான் அந்தக் குடும்பம் பனிக்காலத்தைக் கழித்ததாம். மல்வேர்னில் நான் தனியே இருக்கும் வாடகை அறையில் ஹீற்றர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுவிட ஒருவருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுக்கும்போது நீர் பேசாவிட்டாலும் பரவாயில்லை. போனை வெட்டாமல் அடுப்படியில் வைத்துவிட்டுச் சமையும்.

பஸ் வருகிறது.

மரியோ