சந்தேகம் கேட்காதவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மருத்துவமனை அலுவலகத்தில், நோயாளி விவரங்களைக் கணினியில் பதியும் புது முறைக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பாதிதான் புரிந்தது. கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசி நாள் மேலாளர், "நீ ஒருத்திதாம்மா ஒரு சந்தேகமும் கேக்கல. ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த குழுவுக்கு நீயே சொல்லிக்கொடுத்துடு" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள். சொதப்பினால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும். கையேட்டைப் புரட்டிக் கண் பூத்துவிட்டது.

பாடத்தை முன்கூட்டி நடத்திப் பார்க்க இங்கே எனக்கு யாருமில்லை. ஞாயிறு காலை போன் செய்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். நீங்கள்தான் நோயாளி. வலியைக் கேட்டால், வழக்கம்போல "பரவாயில்லை" என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். நானும் இனி அலுவலகத்தில் புரியாததைப் புரியவில்லை என்கிறேன்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்