கீழ்த்தளம், மூன்றாம் கதவு

மருமகளுக்கு,

நலமா என்று கேட்கக்கூடிய வாரம் இது இல்லை, ஆகவே கேட்கவில்லை. என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் தினம் இரண்டு வேளை கருவியால் அளக்கிறார். பிறகு, எனக்குத் தெரியாது என்று நினைத்து, என் முகத்தைப் பார்த்தும் அளக்கிறார். இக்கடிதத்தைப் படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்பப்போகிறவரும் அவரே. படிக்காமல் அனுப்புவார் என்று நம்புவோம்.

வியாழன் காலை பத்து இருபதுக்கு உன் விமானம் இறங்குகிறது. என் மகனின் உடலை ஒப்படைத்துவிட்டு, வீட்டுப் பக்கமே வராமல், அன்று மாலை விமானத்தில் திரும்பிவிடப்போவதாக மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாயாம். "அத்தைகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கண்ணா" என்றாயாம். அவருடைய பக்குவம் மாத்திரைகளோடு சரி. மாடிப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அதைப் பற்றிப் பிறகு. முதலில் வழி.

நேற்றும் அதற்கு முந்தின நாளும் விமான நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் நடந்து பார்த்தேன். நீங்கள் இருவரும் ஒரே விமானத்தில் வந்தாலும் வெளியேறும் வாசல்கள் வேறு. நீ பயணிகள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வருவாய். அவன் சரக்குக் கூடத்தில் வருவான். இடையே ஒன்றரைக் கிலோமீட்டர், நடைபாதை கிடையாது. அறிவிப்புப் பலகையில் பயணப்பெட்டிக்கு ஒரு படம் இருக்கிறது, சக்கர நாற்காலிக்கு ஒன்று, நாய்க்குட்டிக்குக்கூட ஒன்று. இதற்கு இல்லை.

தகவல் முகப்பில் விசாரித்தேன். "சரக்கு கைக்கு வர மூணு மணி நேரமாச்சும் ஆகும்மா" என்றார் அங்கிருந்தவர். சரக்கு இல்லை, என் மகன் என்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "ஃபார்ம்ல அப்படித்தாம்மா இருக்கு, நான் என்ன பண்ண?" என்றார். திருப்பியிருக்க வேண்டாம். பெயருக்கான கட்டத்துக்கும் மேலே எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. நல்ல மனிதர்தான், எழுந்து வெளியே வந்து வழி காட்டினார்.

மூன்றாம் கதவு வழியாக வெளியே வா. டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், சரக்கு வாசல் என்றதும் கிட்டத்துச் சவாரி என்று முகம் சுளிப்பார்கள். "அங்க உங்களுக்கு என்ன வேலை பெரியம்மா, வெறும் லாரிதான் நிக்கும்" என்றார் ஒருவர். நீ காரணம் சொல்லாதே. சொன்னால் தம் வீட்டுச் சாவுகளையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்குவார்கள். சுரங்க ரயில் நகரத்துக்குள் போவது, உனக்கு உதவாது. ஊழியர்களுக்கான பச்சைப் பேருந்து கால்மணிக்கு ஒருமுறை சரக்கு வாசலுக்குப் போகிறது. அதன் ஓட்டுநரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வியாழனன்று பெட்டியோடு ஒரு பெண் வருவாள், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "பெட்டி அந்தப் பக்கமால்லம்மா வரும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். செய்தி வந்த நாளிலிருந்து நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இத்தனை விவரம் ஏன் என்பது உனக்குப் புரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கல்யாணமான புதிதில், அவனுக்கு விடுப்புக் கிடைக்காமல் நீ முதலில் தனியாக வந்தாய். என்னைக் கேளாமல் செய்துகொண்ட கல்யாணம். உன்னை எதிர்கொண்டு அழைக்க எனக்கு மனமில்லை. உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி, வழியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் அல்லவா, திசையும் தொலைவும் குறித்திருந்தேன். பேருந்து நிற்குமிடம் மேல்தளம் என்று எழுதியிருந்தேன். மேல்தளத்தில் பேருந்துகள் ஆட்களை இறக்கும், ஏற்றாது. மழைச் சாரலில் இரண்டு மணி நேரம் நின்றாய். நான் வேண்டுமென்றே செய்ததாக நினைத்தாய். நானும் மறுக்கவில்லை. தெரியாமல் செய்தவள் என்பதைவிடத் தெரிந்தே செய்தவள் என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது. உண்மை இதுதான்: அவனை வழியனுப்ப மட்டுமே நான் அங்கே போயிருந்தேன். யாரையும் வரவேற்க ஒருமுறைகூடப் போனதில்லை. வருபவர்கள் கீழே வருவார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

வியாழனன்று உன்னை அழைக்க மூன்றாம் கதவருகே நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் உடலைப் பெற்றுக்கொள்பவர் பத்து மணிக்கே சரக்கு அலுவலகத்தில் கையெழுத்திட இருக்க வேண்டுமாம். ஆக, இந்த முறையும் வர இயலாது. இந்த முறை காரணம் உண்மையானது.

வண்டி ஏற்பாடு செய்துவிட்டேன். அமரர் ஊர்தி என்று மரியாதையாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை, பின்னால் யாரும் உட்காரக் கூடாது. "முன்னாடி நீங்கதானேம்மா வருவீங்க?" என்றார் ஓட்டுநர். அவன் மனைவி வருவாள் என்றிருக்கிறேன். இதில் பெருந்தன்மை எதையும் தேடாதே. யார் பக்கத்தில் இருந்தால் அவனுக்குப் பிடிக்கும் என்பது பெற்றவளுக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் ஒன்பது ஆண்டு ஆயிற்று. நான் பின்னாலேயே பேருந்தில் வருகிறேன். எழுபது நிமிடம், நேற்று ஏறிப் பார்த்தேன், உட்கார இடம் கிடைக்கிறது.

மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்துவிடுவார். முன்னறையில் மேசையை நகர்த்தி இடம் செய்தாயிற்று. நான் வந்து சேரும்வரை அவனைத் தனியாக விடாதே.

அதன்பின் உன் விருப்பம். மாலை விமானத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் போ. ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியை யாரிடமாவது கேட்டுக்கொள். எனக்கு அது மனப்பாடம். எழுதித் தர மாட்டேன்.

பத்திரமாக வந்து சேர்.

அத்தை