ஒருசந்தியும் நோன்பும்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி தேவலையா?

நேற்று மாலை, எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கூட்டம். எனக்கு ஃபீஸ் கட்டும் ஸ்ரீரங்கத்துப் பிலோமினாம்மாவுக்கு நான்தான் கேக் கொடுத்தேன். அவர் அதை எனக்கே ஊட்ட வந்தார்.

“நோன்பும்மா” என்றேன் கூச்சத்தோடு.

“நல்லதாப் போச்சு! எனக்கும் தவக்கால ஒருசந்தி. நீ வருத்தப்படுவியேன்னுதான் கேக்கை வாங்கினேன்” என்று சிரித்தார். மஃரிப் பாங்கு வரை என்னோடு காத்திருந்தார். இருவரும் பேரீச்சம்பழம் சாப்பிட்டோம்.

படிப்பை எக்காரணம் கொண்டும் விடமாட்டேன். வேலைக்குப் போனதும் நானும் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பேன். என்ன மதம் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன்.

நம் வீட்டுக் கஞ்சி மசாலாவைத் திருச்சி பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், அவருக்குக் காய்ச்சித் தரவேண்டும். கிளாஸுக்கு நேரமாச்சு. அதோடு எனக்கு உங்கள் பழைய துப்பட்டா ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

ஷஹனாஸ்