இரண்டாம் அடுக்கின் சூடு

பிப்ரவரி 9
உலையின் அடுக்குகளில் புது கேட்டலிஸ்டை, அதாவது வினையூக்கியை, கொட்டி முடித்துவிட்டார்கள். பார்க்க வெறும் கருப்பு இரும்புக் குறுணைதான். ஆனால் அது இல்லாவிட்டால் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. அம்மோனியா கிடையாது, யூரியாவும் கிடையாது. ஏழு மாதமாக நிற்கிற ஆலை. இந்த மாதத்துக்குள் ஓடாவிட்டால் மூடிவிடுவார்களாம்.

பிப்ரவரி 12
நாளை சூடேற்றுகிறோம். கட்டுப்பாட்டு அறையில், பேனல் முன்னால், நான். "பயமா இல்லையா?" என்றார் இவர். "உங்களோட பதினாறு வருஷம் குடும்பம் நடத்திட்டேன், இதுக்கா பயப்படப் போறேன்?" என்றேன். பொய். கையேட்டை மூன்றாம் முறையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14
சூடு மெதுவாக ஏறுகிறது. அண்ணன் போன் பண்ணினான். ஊரில் கடைக்கு உர மூட்டை வந்து மூன்று வாரம் ஆச்சாம். "பயிர் மஞ்சளடிச்சு நிக்குது. எப்பம்மா ஓட்டுவீங்க?" பின்னாலிருந்து அண்ணி, "அவளை வேலை பாக்க விடுங்க!"

பிப்ரவரி 16
பகலிலேயே வீட்டுல உட்கார்ந்து எழுதறேன்.

காலை பதினோரு மணிக்கு இரண்டாம் அடுக்கின் சூடு திடீரென்று ஏறியது. நானூற்று ஐம்பது டிகிரி. எழுபது. தொண்ணூறு. மேலடுக்கின் சூடு அசையவே இல்லை. மேலாளர் பின்னால் நின்றார் — அந்தக் குரலுக்காக நாங்கள் 'இடி' என்போம். "மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்மா. விடு."

இருக்கலாம். இல்லாவிட்டால்? கேட்டலிஸ்ட் வெந்து கெட்டால் இன்னொன்று வாங்கித்தர ஆளில்லை. ஹீட்டரை அணைத்து அழுத்தத்தை இறக்கினேன். கேட்காமலே.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? இத்தனை நாள் உழைப்பும் தண்ணியில போச்சு! வீட்டுக்குப் போ!"

வந்துட்டேன். தலையில ஹெல்மெட்டோடவே வந்திருக்கேன், வீட்டுல வந்துதான் தெரிஞ்சுது.

மீட்டர்தான் பொய் சொல்லியிருந்தா? ஆலையை நம்பி முந்நூறு குடும்பம். என்னால மூடிட்டாங்கன்னா?

பிப்ரவரி 17
யாரும் கூப்பிடவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 18
மதியம் வாசலில் எங்கள் ஃபிட்டர், சட்டையெல்லாம் கிரீஸ்.

"அக்கா, மீட்டர் பொய் சொல்லலை. ரெண்டாம் அடுக்குக்குக் குளிர் வாயு விடுற வால்வு சிக்கிக்கிச்சு. தண்டே வளைஞ்சிருக்கு. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா ஆலைக்கே சங்குதான்."

"இடி என்ன சொன்னார்?"

"சத்தமே இல்லக்கா. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு."

சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. நாளை வரச் சொன்னாராம்.

பிப்ரவரி 19
இடி என் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "உட்காரும்மா." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "இனிமே இந்த நாற்காலில இருக்கிறவங்க நிறுத்தணும்னு நினைச்சா நிறுத்தலாம். என்னைக் கேக்க வேண்டாம்." மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

பிப்ரவரி 21
வால்வு மாற்றியாச்சு. மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 27
நாலு இருபதுக்கு, உலையிலிருந்து வருவது சேரும் கலத்தில் திரவ மட்டம் ஒரு சதவீதம். பிறகு இரண்டு. எல்லாரும் என் பேனல் முன்னால் கூடிவிட்டார்கள். ஐந்தைத் தொட்டதும் ஃபிட்டர் விசிலடித்தார். அம்மோனியா! காற்றிலிருந்து நாங்கள் பிடித்தது.

மார்ச் 9
எழுத ஒன்றுமில்லை. எல்லா அடுக்கும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மாலை ஆலை வாசலை அடைத்துக்கொண்டு யூரியா ஏற்ற வந்த லாரிகள், சாலைத் திருப்பம் வரை. அதில் மாட்டி நான் வெளியே வருவதற்குள் என் பஸ் போயே போய்விட்டது. ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டு நடந்தே வந்தேன். நாற்பத்தொன்று.