விமானத்துக்கு நரைமுடி

ஜூன் 11

வீட்டுக்காரருக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கவர் வந்ததும் நான் பிரிக்கவே இல்லை. நீளக் கவர், டைப் அடித்த விலாசம், கல்லூரி முத்திரை. மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாத மனுஷன் டைப் அடித்து அனுப்புகிறார் என்றால் வக்கீல் நோட்டீஸ்தான் என்று முடிவு கட்டி, வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் செருகிவிட்டேன். ஒரு வாரம் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து தைத்தேன். அந்த வாரம் தைத்த ரவிக்கை எல்லாம் கை இறுக்கம். வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் வருவது வரட்டும் என்று பிரித்தால், நீங்கள் கேட்டிருப்பது என் தலைமுடி! அதுவும் நரைமுடி!

இரண்டு முறை படித்தேன். கல்லூரி முன்கூடத்தில் வைக்க அந்தக் காலத்துச் சண்டை விமானம் ஒன்றைச் சின்னதாகச் செய்கிறீர்கள். மாடி வீடு மாதிரி மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. இரண்டையும் இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. அந்த அளவுக்குச் சின்னக் கம்பி எந்தக் கடையிலும் இல்லை. நரைமுடிதான் பார்க்க எஃகு மாதிரி இருக்கும். சரிதானே? மரச்சட்டத்தில் துணியைப் போர்த்தி அதில் ஏறியா பறந்து சண்டை போட்டார்கள்? நல்ல தைரியம். நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறவே இங்கே பயப்படுகிறார்கள்.

“உன் வலது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து இருக்குமே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாபகம் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே அனுப்புகிறேன். பத்திரமாக நூல்கண்டு அட்டையில் சுற்றியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி
(பாங்குப் புத்தகத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது)

*

ஜூலை 6

தையல்காரிக்கு,

முடி கிடைத்தது. நன்றி. கவரில் விலாசத்தை அலுவலகத்துப் பையன் டைப் அடித்தான். பயமுறுத்தும் எண்ணம் இல்லை.

வேலை நடக்கிறது. அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. மூக்கில் மரத்தாலான காற்றாடி. பின்னால் திறந்த இருக்கை. அதில் தோல் தொப்பி போட்ட விமானி, வெளியே தெரியும் தலையும் தோளும் சேர்த்து என் சுண்டுவிரல் நகம் அளவுதான். இறக்கையில் ஊசியைவிடச் சிறிய துளை போட்டு, முடியை நுழைத்து, இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டுப் பசை. பசை காயும் வரை மூச்சு விடக் கூடாது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

உன் முடி இவ்வளவு முரடாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. தவறாகச் சொல்லவில்லை, கம்பிக்கு முரடுதான் நல்லது. லேசாகப் புகையிலை வாசனையும் வருகிறது. புகைப்பவர்களைக் கடை வாசலில் நிற்க விடாதே. உனக்கு இருமல் உடம்பு.

இப்படிக்கு,
பட்டறை ஆசிரியர்

*

ஜூலை 19

வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. வாசலில் யாரையும் நிற்க விடுவதில்லை. இருமல் இல்லை.

முடியைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாமே. ஒரு பொம்பளையின் நரை ஊருக்கு எதற்கு?

மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி

*

அக்டோபர் 22

தையல்காரிக்கு,

விமானத்தைப் போன வாரம் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கல்லூரி முதல்வர் என்னைப் பேசச் சொன்னார். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் கம்பியைத்தான் பார்த்தார்கள். “இது என்ன கம்பி?” என்று ஒருவர் கேட்டார். “என் மனைவியின் தலைமுடி” என்று சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு கை தட்டினார்கள். முதல்வர் பித்தளைப் பலகை வைத்துவிட்டார். விமானத்தின் பெயருக்குக் கீழே “கம்பிகள்: செய்தவரின் மனைவியின் கூந்தல்” என்று இருக்கிறது.

உன் அண்ணன் வீட்டில் அன்றைக்கு நீ என்னைப் போலவே நாக்கைத் துருத்திக்கொண்டு, இல்லாத தூரிகையைப் பிடித்து, பொம்மை விமானியோடு பேசிக் காட்டினாயே. நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அடுத்த மாதமே இடமாற்றம் கேட்டேன். நானும் கூடச் சிரித்திருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை. பலகையைப் படித்தபோது தோன்றியது.

இங்கே மழை. ஈரத்தில் மூன்று கம்பிகள் தொய்ந்துவிட்டன. இன்னும் கொஞ்சம் முடி அனுப்ப முடியுமா? நேரில் வந்து பார்க்க விரும்பினாலும் வரலாம். கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
பட்டறை ஆசிரியர்

*

டிசம்பர் 4

என்னங்க,

ஒன்றரை மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் பெட்டியில் போட வேண்டும்.

அது என் முடி இல்லை.

பக்கத்துக் கடை சலூன்தானே. நீங்கள் கேட்ட வாரம், எதிர் பாங்கின் காவலாளி தாடியைக் குறைக்க வந்தார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, பார்த்திருப்பீர்கள். அவர் போனதும் நான் உள்ளே போய்த் தரையில் குந்திப் பொறுக்கினேன்.

சலூன் தம்பி, “என்னக்கா பண்றீங்க?” என்றான்.

“கடைப் பொம்மைக்குத் தாடி வைக்கப்போறேன்டா.”

“அது பொம்பளைப் பொம்மையாச்சேக்கா!”

“அதான் ஒருத்தரும் கடைக்குள்ள வர மாட்டேங்குறாங்க. ஏதாவது மாத்திப் பார்ப்போம்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். புகையிலை வாசனை அவருடையது. இருமலும் அவருக்குத்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். காதுக்குப் பின்னால் இருந்த அந்தக் கொத்து வெள்ளையாக இல்லை. நீங்கள் இங்கிருந்து கிளம்பிப் போன அந்த மாதத்திலிருந்தே நான் சாயம் பூசுகிறேன். புருஷன் போனதும் நரைத்துவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்று பூசினேன். பூசுகிறேன் என்று உங்களிடம் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது. நாலு முடிதானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அதை எடுத்து ஊர் நடுவில் வைத்து, என் கூந்தல் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்குவீர்கள் என்று கண்டேனா!

பித்தளையில் வேறு வெட்டிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தக் கதை மட்டும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் என் கையில் கிடைத்திருந்தால், காவலாளி மாதிரி நடந்து காட்டி, முதல்வர் மாதிரி கை தட்டிக் காட்டி, ஒருத்தரையும் சாப்பிட விட்டிருக்க மாட்டேன். போன வாரம் அண்ணி வந்தாள். “என்னடி, வாயில கொழுக்கட்டையா? உம்முனு இருக்கே?” என்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். தலைவலி என்றேன். என் ஆயுசில் கிடைத்த பெரிய சிரிப்பு இது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அன்றைக்கு அந்தத் தட்டோடு வாசற்படியில் நின்றீர்களே, உங்கள் முதுகு அப்போது தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. அதுதான் என் புத்தி.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த நாளிலிருந்து சாயத்தை நிறுத்திவிட்டேன். கறுப்புக்கு மேலே மூன்று விரல் வெள்ளை. பாதி வெந்த மாதிரி இருக்கிறேன். மூன்று கம்பிக்கு ஆகும் என்று வெட்டி வைத்திருக்கிறேன். இதோடு அனுப்பக் கை வரவில்லை. அனுப்பு என்றால் அனுப்புகிறேன். பலகையைக் கழற்றுவது என்றால் கழற்றிவிடுங்கள். கோபத்தில் இரண்டு வரி திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி என்று போட இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது

*

ஜனவரி 8

தையல்காரிக்கு,

கடிதத்தைப் பட்டறையில் படித்தேன். இரண்டு வாரம் முன்கூடத்துப் பக்கம் போகவில்லை. பின்வாசல் வழியாக வந்துபோனேன். இந்த வயதில் யாரோ ஓர் ஆளின் தாடிக்குப் பசை காயும் வரை மூச்சை அடக்கியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீ யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியதை நம்புகிறேன். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பலகையைக் கழற்ற மாட்டேன். ஆனால் பலகை பொய் சொல்லக் கூடாது. ஆகவே மூன்று கம்பி போதாது, எல்லாக் கம்பிகளையும் மாற்ற வேண்டும். முடியைத் தபாலில் அனுப்பாதே. தலையோடு வா.

என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. மிஷினை ஜன்னல் பக்கம் வைக்கலாம். வெளிச்சம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்

*

பிப்ரவரி 2

என்னங்க,

நல்லபடியாக ஊர் திரும்பி வந்து சேர்ந்தேன். கடைக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொல்லியாயிற்று. “எங்கே போறீங்க?” என்றார். “என் முடி எங்கே இருக்கோ அங்கே” என்றேன். காவலாளி ஐயாவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத முன்கூடத்தில் என்னை அந்த ஸ்டூலில் உட்கார வைத்து, ஒவ்வொரு முடியாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிக் கட்டினீர்களே. ஒவ்வொரு பிடுங்கலுக்கும் “வலிக்குதா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பொய். கண்ணில் தண்ணீர் வந்தது வலியால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாக்கைத் துருத்திக்கொண்டுதான் கட்டினீர்கள். நான் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா?

கடைசிக் கம்பி இறுகியதா என்று நான் குனிந்து பார்த்தபோது என் தலை விமானத்தின் இருக்கைப் பக்கம் லேசாக உரசியது. நீங்கள் அப்போது பசை மூடியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இன்று காலை தலை வாரும்போது உங்கள் விமானி சீப்பில் வந்தார். தொப்பி நல்ல நிலையில் இருக்கிறது. தலையும் இருக்கிறது. மற்றதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி